வீட்டுக்கு வந்த கிளிக்குஞ்சு: முதல் நாளிலிருந்து தானாகத் தின்னும் நாள்வரை

வன்னியில் ஒரு கிளிக்குஞ்சு வீட்டுக்கு வந்துசேரும் வழிகள் நாலைந்துதான். பட்டுப்போன தென்னையைத் தறிக்கும்போது பொந்துக்குள்ளிருந்து விழும். போரில் ஷெல் பட்டுத் தலையிழந்த பனைகள் இன்னும் சில வளவுகளில் நிற்கின்றன. உள்ளே உளுத்துக் குழாயாகிவிட்ட அந்த மரங்களில் கிளியும் மைனாவும் ஆந்தையும் குடியிருக்கின்றன. கச்சான் காற்று தொடங்கும் நாட்களில் அப்படியொரு மரம் முறிந்தால், மறுநாள் காலை யாராவது ஒரு காட்போட் பெட்டியோடு படலையடியில் நிற்பார்கள். வெளிநாடு போகிற அயலவர் கூட்டோடு கொண்டுவந்து ஒப்படைத்துவிட்டுப் போவதும் உண்டு.

விலைக்கு வரும் குஞ்சை மட்டும் இரக்கப்பட்டு வாங்காதீர்கள். நீங்கள் கொடுக்கும் காசு, அடுத்த வருடமும் அதே பொந்துக்குள் கையை விடுவதற்கான கூலி.

எப்படி வந்தாலும், நான் பார்த்தவரையில் குஞ்சுகள் அதிகம் சாவது முதல் வாரத்தில். அதுவும் பெரும்பாலும் பாசத்தால். ஒருவர் பாலில் நனைத்த பாண் ஊட்டுகிறார், இன்னொருவர் தேன் தடவுகிறார், பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் கைமாறிக் கைமாறித் தூக்குகிறார்கள், மாலையில் அயலெல்லாம் வந்து பார்க்கிறது. மூன்றாம் நாள் குஞ்சு தலையைத் தொங்கப் போடுகிறது. முதல் வாரத்தில் அதற்கு வேண்டியவை சூடு, சரியான உணவு, ஓர் இருண்ட மூலை. கீழே சொல்வதெல்லாம் அந்த மூன்றையும் சுற்றித்தான்.

வளர்க்க முன், திருப்பி வைக்க முடியுமா என்று பாருங்கள்

மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்று ஊர்முழுக்கச் சொல்வார்கள். அப்படியில்லை. தாயும் தகப்பனும் குஞ்சின் குரலைக் கேட்டுத் தேடி வரும். தறித்த மரத்தில் பொந்து இருந்த துண்டு சிதையாமல் இருந்தால், அதை இரண்டு மூன்றடி நீளத்துக்கு வெட்டி, அடிப்பக்கத்தைப் பலகையால் அடைத்து, பக்கத்து மரத்தில் நாய் பூனை எட்டாத உயரத்தில் கட்டுங்கள். துண்டு சிதைந்துவிட்டால் ஒரு பலகைப் பெட்டி போதும். அடியில் தண்ணீர் வடிய நாலு துளை போட்டு, பழைய பொந்தில் கிடந்த மரத்தூளை உள்ளே பரப்பி, வாய்ப்பக்கம் மதிய வெயில் படாதபடி திருப்பிக் கட்டுங்கள். குஞ்சை உள்ளே வைத்துவிட்டு எல்லோரும் வீட்டுக்குள் போய்விட வேண்டும். ஐந்து பேர் மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தால் எந்தக் கிளியும் இறங்காது. தூரத்திலிருந்து பொழுது படும்வரை கவனியுங்கள். ஒருமுறையாவது பெரிய கிளி உள்ளே தலையை விட்டால் உங்கள் வேலை முடிந்தது.

உடம்பெல்லாம் இறகு மூடி, வால் மட்டும் குட்டையாக, நிலத்தில் தத்திக்கொண்டிருக்கும் குஞ்சு பறக்கப் பழகுகிற குஞ்சு. காயம் இல்லையென்றால் அதைத் தூக்கிப் பக்கத்துக் கிளையில் விடுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியதில்லை.

பொழுது பட்டும் யாரும் வரவில்லை, அல்லது குஞ்சுக்குக் காயம், அல்லது எங்கிருந்து எடுத்தார்கள் என்றே தெரியவில்லை என்றால் மட்டுமே பெட்டியை எடுங்கள்.

அடுத்தது தொலைபேசி

இலங்கையில் காட்டுப் பறவைகளைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் 1937 ஆம் ஆண்டின் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் எல்லைக்குள் வருகிற விடயங்கள். ஊரில் வீட்டுக்கு வீடு கிளிக்கூடு தொங்குவதைப் பார்த்து, இதற்கெல்லாம் கேள்வி இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அவசர இலக்கம் 1992. அழைத்து, எந்த ஊர், எத்தனை குஞ்சு, எப்படிக் கிடைத்தது என்று சொல்லுங்கள். யாரிடம் எப்போது கதைத்தீர்கள் என்பதைக் குறித்து வையுங்கள். வந்து எடுப்பதாகச் சொன்னால் கொடுத்துவிடுங்கள். தேறும்வரை பார்த்துக்கொள்ளச் சொன்னால் கீழே உள்ளவை உதவும். முன்பே வீட்டில் வளர்ந்த கிளி கைமாறி வந்திருந்தாலும் இந்த அழைப்பைத் தவிர்க்காதீர்கள்.

தமிழ்நாட்டிலிருந்து வாசிப்பவர்களுக்கு: அங்கே 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பச்சைக்கிளியை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். வனத்துறையை அழைப்பதுதான் உங்களுக்கு முதலும் கடைசியுமான படி.

எந்தக் கிளி, என்ன பருவம்

எங்கள் பக்கம் வருவது அநேகமாகச் சாதாரணப் பச்சைக்கிளி. வாலோடு சேர்த்து நாற்பது சென்ரிமீற்றர் அளவு வளரும். அதைவிடப் பெரிதாக, தடித்த சொண்டோடு, தோளில் சிவப்புத் தீற்றல் கொண்ட இனமும் வன்னிக் காடுகளில் உண்டு. அது உலக அளவில் குறைந்துவருகிற பறவை, ஆகவே அதைக் கட்டாயம் திணைக்களத்திடம் ஒப்படையுங்கள். ஆண் பச்சைக்கிளியின் கழுத்து வளையம் இரண்டு மூன்று வயதில்தான் தெளிவாகத் தெரியும். அதுவரை ஆணா பெண்ணா என்று பார்வையால் சொல்ல முடியாது. பெயரை உங்கள் விருப்பப்படி வையுங்கள்.

பருவத்தைக் கண்டுபிடிப்பதுதான் அவசியம். முட்டையிலிருந்து வந்து முதல் பத்து நாள் அளவுக்குக் கண் மூடியிருக்கும், உடம்பு வெறும் இளஞ்சிவப்புத் தோல். பிறகு கண் திறந்து, முள்முள்ளாக இறகுக் குருத்துகள் வெளிப்படும். ஐந்தாவது ஆறாவது வாரத்தில் பச்சை மூடிவிடும். ஏழாவது வாரமளவில் பொந்தை விட்டு வெளியே வரும். கண் திறக்காத குஞ்சை அனுபவமில்லாதவர் காப்பாற்றுவது கடினம். அதற்கு இரவிலும் ஊட்ட வேண்டும், சூடு ஒரு பாகை தவறினாலும் தெரியும். அப்படிப்பட்ட குஞ்சு வந்தால் அன்றைக்கே கால்நடை வைத்தியரைத் தேடுங்கள். முள் இறகுப் பருவத்துக்குப் பிறகு வந்தால் பொறுமையுள்ள எந்த வீட்டாலும் முடியும்.

முதல் இரவு: சூடு முதல், தீனி பிறகு

குளிர்ந்த குஞ்சுக்கு ஒருபோதும் ஊட்டாதீர்கள். உடம்பு குளிர்ந்திருந்தால் கழுத்தடியில் உள்ள தீனிப்பை வேலை செய்யாது. உள்ளே போனது அங்கேயே கிடந்து புளித்து நஞ்சாகும். காலைத் தொட்டுப் பாருங்கள். விரல்கள் சில்லென்றிருந்தால் முதல் ஒரு மணித்தியாலம் சூட்டுக்கு மட்டும்.

சப்பாத்துப் பெட்டி அளவில் ஒரு காட்போட் பெட்டி, பக்கங்களில் காற்றுத் துளைகள், அடியில் மடித்த பருத்தித் துணி, அதற்குமேல் மையில்லாத கடதாசி. நூல் பிரிகிற துவாய் வேண்டாம், நகத்தில் சிக்கிக் கால் முறியும். வெந்நீர் நிரப்பிய பிளாஸ்டிக் போத்தலைத் துணியால் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் வையுங்கள். மற்றப் பக்கம் சூடில்லாமல் இருக்கட்டும். குஞ்சு தனக்கு ஏற்ற இடத்தைத் தானே பிடித்துக்கொள்ளும். நாற்பது வாற்று மின்குமிழைப் பெட்டிக்கு வெளியே, பக்கவாட்டில் வைத்தும் சூடு கொடுக்கலாம். மின்வெட்டு வந்தால் கைகொடுப்பது போத்தல்தான், ஆகவே இரண்டையும் ஆயத்தமாக வைத்திருங்கள்.

இறகில்லாத குஞ்சுக்கு 34, 35 பாகை செல்சியஸ் வேண்டும். முள் இறகுப் பருவத்துக்கு 30 அளவில், இறகு மூடியபின் 26 அல்லது 27 போதும். சித்திரை வெயிலில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் பகலுக்குப் போத்தலே தேவைப்படாது. மார்கழி, தை வாடைக்காற்றில் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து போத்தலை மாற்றத்தான் வேண்டும். வெப்பமானி இல்லாவிட்டால் குஞ்சைப் பாருங்கள். வாயைத் திறந்து இளைத்தால், இறக்கையை அகட்டிக் கிடந்தால் சூடு கூடிவிட்டது. நடுங்கிச் சுருண்டால் போதவில்லை.

பெட்டியை வீட்டில் ஆள் நடமாட்டம் குறைந்த அறையில், மேசைமேல் வைத்து நுளம்பு வலை போடுங்கள். மேசைக் கால்களைத் தண்ணீர் ஊற்றிய சிரட்டைகளில் நிறுத்தினால் எறும்பு ஏறாது. சிந்திய தீனி மணத்துக்கு எறும்பு வந்து, விடியும்முன் குஞ்சின் கண்ணை மொய்த்துவிடும். நுளம்புச் சுருள் அந்த அறையில் கொளுத்தவே கூடாது.

ஊட்டுதல்

பால் வேண்டாம். பசும்பால், மா பால், பாலில் நனைத்த பாண், பால்சோறு எதுவும் வேண்டாம். பாலில் உள்ள சர்க்கரையைப் பறவையின் குடல் செரிக்காது. சிறு பிள்ளை உள்ள வீடுகளில் திரிபோஷாச் சத்துமாவை எடுத்துக் கரைக்கத் தோன்றும். அதிலும் பால்மா கலந்திருக்கிறது, அது பிள்ளைக்கே இருக்கட்டும். தேத்தண்ணீர், சீனித் தண்ணீர், கோழித் தீனி மூன்றையும் இதே பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சூடேறிய குஞ்சுக்கு முதல் ஊட்டு, வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கிற ஜீவனிக் கரைசல். பாமசியில் வாங்கிப் பக்கற்றில் உள்ளபடி கரைத்து, இளஞ்சூடாக, சொண்டின் ஓரத்தில் துளித்துளியாக விடுங்கள். அது உள்ளே போய் எச்சம் வந்தபிறகே தீனி.

தீனிக்கு மிகச் சிறந்தது கிளிக்குஞ்சுகளுக்கென்றே விற்கும் மா. வளர்ப்புப் பறவைக் கடைகளில் கேளுங்கள். வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ பஸ்ஸில் போகிற யாரிடமாவது சொல்லிவிட்டால் நல்லது. அது கைக்கு வரும்வரை இரண்டு மூன்று நாள் சமாளிக்க: தோல் நீக்கிய பயறைக் குழைய அவித்து, அவித்த பூசணி கொஞ்சம், அவித்த முட்டையின் மஞ்சள் கொஞ்சம் சேர்த்து மசித்து, துணியில் வடித்து, கொதித்தாறிய நீரில் தளர்த்துங்கள். உப்பு, தாளிதம் எதுவும் இல்லை. இது ஒட்டுப்போடுகிற வேலைதான், வாரக்கணக்கில் இதையே கொடுத்தால் எலும்பு வளையும்.

சூடு 38 முதல் 40 பாகைக்குள் இருக்க வேண்டும். குறைந்தால் குஞ்சு வாங்காது, தீனிப்பையும் மந்தமாகும். 43 ஐத் தாண்டினால் தீனிப்பை வெந்து துளை விழும். விரலை விட்டுப் பார்ப்பது போதாது. பாமசியில் உள்ள காய்ச்சல் வெப்பமானியைப் பயன்படுத்துங்கள். சூடாக்குவதென்றால் கிண்ணத்தை வெந்நீரில் வைத்துக் கலக்குங்கள். நேரடியாக அடுப்பில் வைத்தால் அடியில் கொதித்திருக்கும், மேலே வெதுவெதுப்பாக இருக்கும்.

புதியவர்களுக்குச் சிறிஞ்சை விடக் கரண்டி நல்லது. தேக்கரண்டியின் இரு பக்கத்தையும் உள்ளே மடித்து ஓர் ஓடை போல ஆக்குங்கள். குஞ்சு தன் வேகத்தில் குடிக்கும், மூச்சுக்குழாய்க்குள் தள்ளிவிடும் பயம் குறைவு. சிறிஞ்சு என்றால் ஊசியில்லாத ஐந்து மில்லிலீற்றர் அளவு எடுத்து, குஞ்சின் இடப்பக்கச் சொண்டோரத்தில் வைத்து வலப்பக்கம் நோக்கி விடுங்கள். பசித்த குஞ்சு தலையை மேலும் கீழுமாக ஆட்டி ஆட்டி இழுக்கும். அந்த ஆட்டம் இருக்கும்போது மட்டும் விடுங்கள். நின்றதும் நிறுத்துங்கள். "இன்னும் ஒரு வாய்" என்று கெஞ்சிக் கொடுக்கிற பழக்கம் பிள்ளைகளோடு இருக்கட்டும்.

அளவு, உடம்பு எடையில் பத்தில் ஒன்று. அறுபது கிராம் குஞ்சுக்கு ஒரு தடவைக்கு ஆறு மில்லிலீற்றர். முள் இறகுப் பருவத்தில் நாலைந்து மணித்தியாலத்துக்கு ஒருமுறை, இறகு மூடியபின் காலை, மதியம், மாலை. தீனிப்பை நிரம்பும்போது மெத்தென்று உருண்டிருக்க வேண்டும், தோல் பளபளவென்று இறுகக் கூடாது. இரவு கடைசியாகக் கொடுத்தது விடியற்காலையில் வெறுமையாகியிருக்க வேண்டும். காலையிலும் பை நிறைந்தபடி, புளித்த மணத்தோடு இருந்தால் மேலே ஊட்டாமல் வைத்தியரிடம் போங்கள். ஒவ்வொரு முறையும் கரண்டியைக் கொதிநீரில் கழுவி, மிச்சத்தை எறிந்துவிடுங்கள். நெஞ்சிலும் சொண்டிலும் ஒட்டியதை ஈரப் பஞ்சால் துடையுங்கள், காய்ந்தால் சொண்டு கோணலாக வளரும்.

தராசு

நான் ஒரு பொருளை மட்டும் வாங்கச் சொல்லலாம் என்றால், கூட்டுக்கு முன்னால் தராசைச் சொல்வேன். ஒரு கிராம் வரை காட்டும் சமையலறை டிஜிட்டல் தராசு. தினமும் காலை, முதல் ஊட்டுக்கு முன், குஞ்சை ஒரு கிண்ணத்தில் வைத்து நிறுத்துக் கொப்பியில் எழுதுங்கள். வளர்கிற குஞ்சுக்கு எடை ஏறிக்கொண்டே போக வேண்டும். இரண்டு நாள் தொடர்ந்து அசையாவிட்டாலோ இறங்கினாலோ ஏதோ பிழை. பறவைகள் நோயை மறைப்பதில் கெட்டிக்காரர்கள். காட்டில் வாடியிருப்பதைக் காட்டிக்கொண்டால் வல்லூறு தூக்கும். நோய் கண்ணுக்குத் தெரியும் நாளில் பாதிக்காலம் கடந்திருக்கும். எடை இரண்டு நாள் முன்பே சொல்லிவிடும். வளர்ந்த பச்சைக்கிளி நூறு முதல் நூற்றைம்பது கிராமுக்குள் இருக்கும். தானாகத் தின்னத் தொடங்கும் பருவத்தில் மட்டும் எடை கொஞ்சம் குறைவது இயல்பு, அதற்குப் பயப்பட வேண்டாம்.

கூடு

சந்தையில் தொங்கும் வட்டக் கூடுகள் வேண்டாம். வாலைத் திருப்ப இடமில்லாத அதில் கிளி இருபத்தைந்து வருடம் எப்படி இருக்கும்? அறுபது சென்ரிமீற்றர் அகலம், அதே ஆழம், தொண்ணூறு உயரம் என்பது குறைந்த அளவு. கம்பிகளுக்கிடையே ஒன்றரை, இரண்டு சென்ரிமீற்றருக்குமேல் இடைவெளி கூடாது. ஊர் ஒட்டுத் தொழிலாளியிடம் சொல்லிச் செய்விப்பது கடையில் வாங்குவதைவிட நன்றாக வரும். ஆனால் நாகம் (துத்தநாகம்) பூசிய புதிய கோழிவலையைச் சுற்றிவிடாதீர்கள். கிளி கம்பியைக் கடித்துக்கொண்டே இருக்கும், நாகம் உள்ளே போனால் சாகும். வேறு வலை கிடைக்காவிட்டால் வினாகிரி ஊற்றித் தும்புத்தடியால் நன்றாகத் தேய்த்துக் கழுவி, சில நாள் வெயிலில் விட்டுப் பயன்படுத்துங்கள்.

உட்காரும் தடி கொய்யாக் கிளையாகவோ வேப்பங்கிளையாகவோ, பட்டையோடு, தடிப்பு வேறுபட்டதாக இருக்கட்டும். வழவழப்பான ஒரே அளவுத் தடி காலைப் புண்ணாக்கும். அலரிக் கிளை வளவில் எவ்வளவு இருந்தாலும் அதைத் தொட வேண்டாம், நஞ்சு.

கூட்டின் ஒரு பக்கமாவது சுவரோடு சேர்ந்திருக்க வேண்டும். நாலு பக்கமும் திறந்திருந்தால் கிளி எப்போதும் பதற்றத்தில் இருக்கும். விறாந்தையில் வைத்தால் இரவில் உள்ளே எடுங்கள். மரநாயும் சாரைப்பாம்பும் எங்கள் கூரைகளில் உங்களுக்கு முன்பே குடியிருப்பவை.

பழகுதல்

வந்த முதல் மூன்று நாள் ஊட்டுவதற்கும் சுத்தம் செய்வதற்கும் மட்டும் அருகே போங்கள். ஒரே ஆள், ஒரே குரல். பார்க்க வரும் அயலவர்களுக்கு முற்றத்தில் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். இரவுக்குப் பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம் இருட்டும் அமைதியும் வேண்டும். கோவில் ஒலிபெருக்கியும் வெடியும் கேட்கும் நாட்களில் கூட்டின் மூன்று பக்கத்தைத் துணியால் மூடி, ஒரு சிறு விளக்கை விட்டுவையுங்கள். முழு இருட்டில் திடுக்கிட்டால் கம்பியில் மோதி இறக்கை முறியும்.

நாலாம் நாளிலிருந்து கூட்டருகே உட்கார்ந்து உங்கள் வேலையைச் செய்யுங்கள். கீரை ஆயலாம், பேப்பர் வாசிக்கலாம். கிளியை உற்றுப் பார்க்காதீர்கள். நேராகக் கண்ணை வைத்துப் பார்ப்பது வேட்டையாடும் விலங்கின் பழக்கம். அது உடம்பை ஒடுக்கி, இறகை இறுக்கி, நெட்டையாக நின்றால் பயந்திருக்கிறது. நீங்கள் ஓரடி பின்னால் போக வேண்டும். ஒற்றைக் காலில் நின்று சொண்டைக் கறகறவென்று அரைத்தால் தூக்கத்துக்கு முந்திய நிம்மதி. இறகை உப்பிக்கொண்டு மணிக்கணக்கில் இருந்தால் குளிர் அல்லது நோய்.

பிறகு கம்பி வழியே ஒரு துண்டுக் கொய்யா. வாங்கினால் நல்லது, வாங்காவிட்டால் தட்டில் வைத்துவிட்டு எழுந்து போங்கள். சில நாளில் கையிலிருந்து வாங்கும். அதன்பின் ஒரு குறுந்தடியை நெஞ்சுக்குக் கீழே, காலுக்குச் சற்று மேலே கொண்டுபோனால் தானாக ஏறும். தடியில் ஏறப் பழகியபின் விரல். பின்னாலிருந்து கையால் அமுக்கிப் பிடிக்கவே கூடாது. வல்லூறு பிடிப்பதும் அப்படித்தான், ஒரு தடவை பட்ட பயம் மாதக்கணக்கில் நிற்கும். கடித்தால் சத்தம் போடாமல் கையை அங்கேயே வைத்திருங்கள். நீங்கள் கத்துவது அதற்கு ஒரு விளையாட்டாகிவிடும்.

கூட்டோடு கைமாறி வந்த, ஏற்கெனவே அடிபட்டுப் பழகிய கிளிக்கு இந்தக் கணக்கெல்லாம் பொருந்தாது. மூன்று நாள் என்பது மூன்று மாதமாகலாம். அதன் பழைய கூட்டை உடனே எறிந்துவிடாமல், அதையே திறந்தபடி பெரிய கூட்டுக்குள் வைத்துவிடுங்கள்.

தானாகத் தின்னுதல்

ஏழு எட்டு வாரத்தில் எதையும் கொத்திப் பார்க்கத் தொடங்கும். அப்போது ஊட்டுவதைச் சட்டென்று நிறுத்தாதீர்கள். மதிய ஊட்டை முதலில் குறைத்து, தட்டில் ஊறவைத்து முளைகட்டிய பயறு, அவித்த சோளம், பப்பாசி, கொய்யா, பூசணி, முருங்கையிலை, பொன்னாங்காணி வையுங்கள். எதைத் தின்னும் எதை எறியும் என்பது அதன் இஷ்டம். இரவு ஊட்டு கடைசியாகத்தான் நிற்கும்.

குரக்கன், தினை, சாமை போன்ற சிறுதானியம் அளவோடு. சங்கப் பாட்டுக் குறத்தியர் தினைப்புனத்தில் பரணேறி விரட்டிய பறவைக்குத் தினை பிடிக்கும் என்று சொல்லவும் வேண்டுமா? ஆனால் தானியத்தை மட்டும் தின்னும் கிளிக்கு உயிர்ச்சத்து ஏ குறைந்து மூக்கும் தொண்டையும் கெடும். சிவப்பும் மஞ்சளுமான காய்பழங்கள் அதற்காகத்தான். சூரியகாந்தி விதை கொழுப்பு, அதைக் கையால் கொடுக்கும் பரிசாக வைத்துக்கொள்ளுங்கள். பச்சை மிளகாய் அதற்கு உறைக்காது, பறவைகளுக்கு அந்த எரிவை உணரும் அமைப்பு வேறு. பாலைப்பழக் காலத்தில் நாலு பழம் போட்டுப் பாருங்கள்.

சுண்ணாம்புச் சத்துக்கு முல்லைத்தீவுக் கடற்கரையில் ஒதுங்கும் கணவாய் ஓடு இருக்கும்போது காசு கொடுத்து எதையும் வாங்காதீர்கள். நன்னீரில் சில நாள் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றி உப்பைப் போக்கி, அவித்து, வெயிலில் காயவைத்துக் கூட்டில் கட்டுங்கள். குடிநீர் நீங்கள் குடிக்கிற அதே நீர், நாளுக்கு இரண்டு முறை மாற்றியது.

கச்சானைப் (நிலக்கடலையை) பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முறிகண்டியில் பஸ் நிற்கும்போது வாங்கிய வறுத்த கச்சானில் ஒன்றைக் கிளிக்கு நீட்டாத வன்னியான் இல்லை. உப்பிட்டது வேண்டவே வேண்டாம். வீட்டில் கோதோடு சாக்கில் கிடக்கும் கச்சானும் ஈரம் பட்டுப் பூஞ்சணம் பிடித்திருந்தால் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு. புதிதாக, உப்பில்லாமல், எப்போதாவது ஒன்று போதும். அவகாடோ, சொக்கலேற், வெங்காயம், உள்ளி, கள் இவை எந்த அளவிலும் கூடாது. கள்ளைச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று கேட்காதீர்கள், கொடுத்துப் பார்த்துச் சிரிப்பவர்கள் இருக்கிறார்கள்.

கடிப்பதற்கு ஏதாவது இல்லாவிட்டால் தன் இறகையே பிடுங்கும். குரும்பட்டி, பனையோலைத் துண்டு, தென்னந்தும்பு, பட்டையோடு கொய்யாக் குச்சி, இவற்றை நாளுக்கொன்றாக மாற்றுங்கள்.

வீட்டில் உள்ள ஆபத்துகள்

வெளியே விடும் அறையில் மின்விசிறி நின்றிருக்க வேண்டும். கண்ணாடி யன்னலுக்குத் திரை. கட்டில்லாத கிணறும் திறந்த தண்ணீர்ப் பரலும் இளங்கிளியின் சவக்குழி. வலை போடுங்கள் அல்லது மூடுங்கள். ஒட்டாத தாச்சி அளவுக்கு மீறிச் சூடானால் எழும் புகை எங்களுக்குத் தலையிடி, கிளிக்குச் சில நிமிடத்தில் மரணம். விறகுப் புகையும் நல்லதல்ல, ஆகவே குசினிப் பக்கமே வேண்டாம்.

இறக்கையை வெட்டச் சொல்வார்கள். வெட்டாதீர்கள். பறக்க முடியாத கிளி பூனைக்கு நடந்து போகிற இரை, அதோடு நெஞ்சுத் தசை வளராமல் நலிந்துவிடும்.

வளவில் கோழி இருந்தால் ஒரு மாதம், ஒன்றரை மாதம் இரண்டையும் தள்ளியே வையுங்கள். ராணிக்கெட் நோய் கோழியோடு நிற்பதில்லை. கோழிக்கூட்டுக்குப் போய்வந்த கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவியபின்பே கிளியைத் தொடுங்கள்.

வைத்தியரிடம் எப்போது

கூட்டின் தரையில் குந்தியிருந்தால், மூச்சுக்கு மூச்சு வால் ஆடினால், கண்ணை அரைவாசி மூடியிருந்தால், எச்சத்தில் வெள்ளைப்பகுதி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால் அன்றைக்கே போக வேண்டும். பீற்றூட் தின்ற நாளில் எச்சம் சிவப்பாக வந்தால் பயப்படாதீர்கள். அரச கால்நடை வைத்திய அலுவலகங்களில் அதிகம் வருவது மாடும் ஆடும் கோழியும். ஆகவே எடை எழுதிய கொப்பியையும் அன்றைய எச்சக் கடதாசியையும் கொண்டுபோனால் வைத்தியருக்குப் பாதி வேலை குறையும். மேலதிக சிகிச்சைக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் விலங்கு மருத்துவமனை இருக்கிறது. வீட்டிலிருக்கும் பனடோலைக் கரைத்துக் கொடுக்காதீர்கள்.

உங்களுக்கும் ஒரு நோய் வரலாம். கிளியின் காய்ந்த எச்சத் தூளை மூச்சில் இழுப்பதால் வரும் கிளிக்காய்ச்சல். தினமும் கடதாசியை ஈரப்படுத்தியே அகற்றுங்கள், காய்ந்ததைக் கூட்டாதீர்கள். வீட்டில் யாருக்காவது காய்ச்சலோடு இருமல் நீடித்தால், வைத்தியரிடம் கிளி இருப்பதையும் சொல்லுங்கள்.

பேச்சும் பறப்பும்

கேட்காமல் விடமாட்டீர்கள்: எப்போது பேசும்? எட்டு மாதம், ஒரு வயதுக்குப் பிறகு பேசலாம், பேசாமலும் விடலாம். நாக்கைச் சுரண்டினால் பேசும், வசம்பு தேய்த்தால் பேசும் என்பவர்களை வீட்டுக்குள் விடாதீர்கள். கிளியின் ஒலி பிறப்பது மூச்சுக்குழாயின் அடியில், நாக்கைப் புண்ணாக்கினால் தீனிதான் நிற்கும்.

திரும்பக் காட்டுக்கு விடுவதா என்பதைத் திணைக்களத்தோடு கதைத்தே முடிவு செய்யுங்கள். இரண்டு மூன்று குஞ்சுகள் ஒன்றாக, மனிதரோடு அதிகம் ஒட்டாமல் வளர்ந்திருந்தால் வாய்ப்பு உண்டு. தனியே உங்கள் தோளில் வளர்ந்த ஒன்றை ஒருநாள் மாலை கூட்டத்தைப் பார்த்துத் திறந்துவிடுவது விடுதலை ஆகாது. அது தீனிக்காக அடுத்த வீட்டு மனிதரின் தோளில் போய் இறங்கும், அந்த மனிதர் எப்படிப்பட்டவரோ.

வைத்திருப்பதென்றால் இருபத்தைந்து, முப்பது வருடக் கணக்கு. வீட்டில் பிள்ளைகள் கனடாவுக்கோ கொழும்புக்கோ போகவிருந்தால், பிறகு யார் பொறுப்பு என்பதை இப்போதே கதைத்துவிடுங்கள். கூட்டுக்குப் பக்கத்தில் ஒரு கடதாசியில் எடை, ஊட்டும் நேரம், கொடுக்கக் கூடாதவை, கால்நடை வைத்தியரின் இலக்கம், 1992 எல்லாம் எழுதி ஒட்டுங்கள். வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கலுக்கோ ஒரு கலியாணத்துக்கோ வெளியே தங்கவேண்டி வந்தால், பார்த்துக்கொள்ளும் மருமகனுக்கு அதை வாசித்துக் காட்டுங்கள். கூட்டின் கொளுக்கியை எப்படிப் பூட்டுவது என்றும் காட்டிவிட்டுப் போங்கள், அதைத் திறக்கிற விதத்தைக் கிளி ஏற்கெனவே படித்து வைத்திருக்கும்.